ரம்மி மாறவில்லை, கடைதான் மாறிவிட்டது

ரம்மி திறமை விளையாட்டா, அதிர்ஷ்ட விளையாட்டா? ஆன்லைன் சூதாட்டம் பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கிறது. ஆனால் இணையம் வந்த பிறகு இந்தக் கேள்வியே பழசாகிவிட்டது!

செகந்தராபாத்தில் ஒரு மனமகிழ் மன்றத்தில் காசு வைத்து ரம்மி ஆடியது தொடர்பான வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1968 தீர்ப்பு என்று அறியப்படுவது இதுதான். விழுந்த சீட்டுகளை நினைவில் வைத்து, எதை எடுப்பது, எதைக் கழிப்பது என்று முடிவு செய்ய வேண்டியிருப்பதால் ரம்மி பெரும்பாலும் திறமை விளையாட்டே என்றது நீதிமன்றம். அதே தீர்ப்பில் இன்னொன்றும் உண்டு. மன்றத்தின் உரிமையாளர் ஆட்டத்தில் லாபம் பார்த்தால் அது குற்றமாகலாம். முதல் பாதியை ஊரே அறியும். இரண்டாம் பாதியை எத்தனை பேர் அறிவார்கள்?

அந்த மன்றத்தைக் கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். சில மேசைகள். இரவானால் கதவைப் பூட்டிவிடுவார்கள். பர்ஸ் காலியானால் எழுந்துதான் ஆக வேண்டும். "போதும்ப்பா, வீட்டுக்குக் கிளம்பு" என்று சொல்லவும் தெரிந்த முகம் ஒன்று இருக்கும்.

இணைய நிறுவனங்கள் சீட்டுக்கட்டை மாற்றவில்லை. இந்தத் தடைகளை ஒவ்வொன்றாக நீக்கின. மேசைக்குக் கணக்கில்லை, பூட்டும் நேரமில்லை, பணம் நொடியில் கைமாறும். ஆட வராதவரை போனஸ் தந்து கூப்பிடலாம். யார் ஜெயித்தாலும் நிறுவனத்துக்குக் கமிஷன் உண்டு. ஆகவே ஆடுபவர் எழுந்து போகாமல் இருப்பதுதான் வியாபாரம். அதிகாலை 3 மணிக்கு, விட்ட பணத்தைப் பிடிக்க ஆடுகிறவரிடம் திறமை எவ்வளவு மிச்சமிருக்கும்?

தமிழ்நாட்டின் தடைச் சட்டத்தை 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. நீதிபதி சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பின் புதிய சட்டம் வந்தது. 2023 நவம்பரில் ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுகள் என்று அதிலிருந்தும் தப்பித்தன. 2025 பிப்ரவரியில் வந்த விதிகள் வேறு வழியில் போயின. நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை ஆடக் கூடாது, ஆதார் சரிபார்ப்பு வேண்டும், நீண்ட நேரம் ஆடினால் எச்சரிக்கை வர வேண்டும். அதாவது, மன்றத்தின் பூட்டைத் திரும்பக் கொண்டுவரும் முயற்சி! ஜூனில் உயர் நீதிமன்றமும் இவற்றை ஏற்றது.

இரண்டே மாதத்தில், 2025 ஆகஸ்டில், திறமையோ அதிர்ஷ்டமோ எதுவானாலும் ஆன்லைன் பண விளையாட்டுகள் கூடாது என்று நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. பெரிய நிறுவனங்கள் பண ஆட்டங்களை நிறுத்தின. எதிர்த்து வழக்குகளும் தொடுக்கப்பட்டன.

வேலையும் வரி வருமானமும் போகின்றன, வயது வந்தவர் தன் காசில் ஆடினால் என்ன என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். வெளிநாட்டுத் தளங்கள் எந்த வரம்பையும் மதிக்கப் போவதில்லை என்பதும் உண்மை. ஆனால் அந்த வயது வந்தவரை எழ விடாமல் செய்வதற்கென்றே ஒரு தொழில் இயங்கும்போது, அவருடைய சுதந்திரம் எங்கே இருக்கிறது? பிரிட்டன் சூதாட்டத்தைத் தடை செய்யவில்லை. ஆனாலும் 2020 ஏப்ரலில் கிரெடிட் கார்டில் சூதாடுவதை நிறுத்தியது. கடன் வாங்கி ஆடுவதற்குப் போட்ட பூட்டு அது.

தடையோ கட்டுப்பாடோ, எது வந்தாலும் சட்டம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இந்தக் கடையை இரவில் யார் பூட்டுவது?