எண்பது ரூபாய்ச் சாமானால் போன வாடிக்கை



பொள்ளாச்சி, உடுமலை வட்டாரத்துச் சில்லறைக் கடைகளுக்கு விவசாயக் கருவிகளும் அவற்றின் உதிரி பாகங்களும் மொத்த விலைக்குக் கொடுத்து வருபவன் நான். எஸ்.எஸ்.எல்.சி.யோடு படிப்பை முடித்துக்கொண்டு கடையில் உட்கார்ந்து 40 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. என் கடையில் நடந்த ஒரு தவறைச் சொன்னால் நம் உறுப்பினர்கள் சிலருக்காவது உபயோகப்படும் என்று எண்ணி இதை எழுதுகிறேன்.

2019ஆம் ஆண்டு ஆடி மாதம். 20 வருடமாக என்னிடம் சரக்கு எடுக்கும் கடைக்காரர் ஒருவர் வந்தார். அவருடைய வாடிக்கையாளரான ஒரு தோட்டத்துக்காரரின் பிரஷ் கட்டர், அதாவது தோளில் மாட்டிக்கொண்டு புல் வெட்டும் பெட்ரோல் இயந்திரம், ஸ்டார்ட் ஆகிறது. ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் அணைந்துவிடுகிறது. கார்புரேட்டருக்கு டயாப்ரம் செட் வேண்டும் என்று கேட்டார். விலை 80 ரூபாய். என்னிடம் இல்லை. வரவழைத்துத் தருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "ஏழு வருசத்து மிஷினுக்கு எதுக்குங்க செலவு? புதுசு ஒண்ணு குடுத்து உடுங்க" என்றேன். அவரும் என் பேச்சைக் கேட்டுப் புது மிஷினை விற்றார். இருவருக்கும் லாபம்.

தோட்டத்துக்காரர் பழைய மிஷினைத் தோப்பில் வேலை செய்பவருக்குச் சும்மா கொடுத்துவிட்டார். அந்த வேலையாளின் மகன் ஐ.டி.ஐ. படிக்கும் பையன். கோயம்புத்தூரில் அதே டயாப்ரம் செட்டை வாங்கி வந்து, வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒரு மணி நேரத்தில் மாட்டிவிட்டான். மறு வாரமே அந்த மிஷின் பக்கத்துத் தோட்டத்தில் கூலிக்குப் புல் வெட்டிக்கொண்டிருந்தது. தோட்டத்துக்காரர் அதைப் பார்த்தார். கடைக்காரரிடம் சண்டைக்கு வரவில்லை. கடைக்கு வருவதையே நிறுத்திக்கொண்டார். உரம், பைப், மோட்டார் சாமான் எல்லாவற்றுக்கும் வேறு கடைக்குப் போய்விட்டார்.

அடுத்த முறை கணக்குத் தீர்க்க வந்தபோது கடைக்காரர் சொன்னார்: "அந்த எம்பது ரூவாச் சாமான் உங்க கடையில இருந்திருந்தா, எனக்கு அந்தத் தோட்டத்துக்காரர் போயிருக்க மாட்டாருங்க முதலாளி." கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு அதிகமாக உறைத்தது.

கோளாறு பெரும்பாலும் சிறியதே

பிரஷ் கட்டரோ பவர் ஸ்பிரேயரோ, "கெட்டுப் போச்சு" என்று கொண்டு வரப்படும் சிறிய இயந்திரங்களில் பெரும்பாலானவற்றில் பிஸ்டனும் சிலிண்டரும் நன்றாகவே இருக்கின்றன என்பது என் அனுபவம். மழைக்காலம் முடிந்து புல் காய்ந்ததும், டேங்கில் பெட்ரோலோடு மூலையில் சாய்த்து வைத்துவிடுகிறார்கள். நாலைந்து மாதத்தில் பெட்ரோல் கெட்டு, பிசின் போலப் படிந்து, கார்புரேட்டரின் சிறு துவாரங்களை அடைத்துவிடுகிறது. ஆனியில் மழை பிடித்ததும் எடுத்தால் கயிறு இழுத்து இழுத்துக் கை வலிப்பதுதான் மிச்சம்.

பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலக்கும் இலக்கை நம் நாடு 2025ஆம் ஆண்டில் எட்டியது. எத்தனால் ஈரத்தை இழுக்கும் குணமுடையது. அதற்கென்று செய்யப்படாத பழைய ரப்பர் குழாய்களும் டயாப்ரமும் அதனால் சீக்கிரம் கெடக்கூடும். ஆகவே இந்தச் சின்னச் சாமான்களின் தேவை இனிக் கூடுமே தவிரக் குறையாது.

வீட்டில் செய்யலாம், செய்யக் கூடாது

வாடிக்கையாளர் தம் வீட்டிலேயே பார்க்க வேண்டியதை நாம் வரிசையாகச் சொல்லிக் கொடுக்கலாம். முதலில் பழைய பெட்ரோலை வடித்துவிட்டுப் புதிது ஊற்றுவது. டூ ஸ்ட்ரோக் இயந்திரமானால் ஆயில் அளவு சரியா என்று பார்ப்பது. 25:1 என்று போட்டிருந்தால் 1 லிட்டருக்கு 40 மி.லி., 50:1 என்றால் 20 மி.லி. கண்ணளவில் ஊற்றக் கூடாது. ஃபோர் ஸ்ட்ரோக் ஆனால் பெரும்பாலானவற்றில் பெட்ரோலில் ஆயில் கலக்கக் கூடாது; அவற்றுக்கு ஆயில் தனி. பிறகு டேங்குக்குள் இருக்கும் ஃபில்டர், பெட்ரோல் குழாயில் விரிசல், ஸ்பார்க் பிளக், ஏர் ஃபில்டர் ஸ்பாஞ்ச். பிளக்கின் இடைவெளி சாதாரணமாக 0.6 முதல் 0.7 மி.மீ. இவை அனைத்தும் சரியாக இருந்தும் ஓடவில்லை என்றால்தான் கார்புரேட்டரைக் கழற்ற வேண்டும்.

பிளேடில் கை வைக்கும் முன் பிளக் கேப்பைக் கழற்றிவிட வேண்டும் என்பதை ஒவ்வொருவரிடமும் சொல்லுங்கள். பெரும்பாலான பிரஷ் கட்டர்களில் பிளேடு நட்டுக்கு இடது மரை. அது தெரியாமல் வழக்கம் போலத் திருப்பி மரையைக் கெடுத்துக்கொண்டு வருகிறவர்கள் பலர். விரிசல் விட்ட பிளேடை வெல்டிங் வைத்து ஓட்டுவதை ஒருபோதும் ஆதரிக்காதீர்கள்; துண்டு தெறித்தால் ஆள் தப்புவது அரிது. கயிற்றின் சுருள் ஸ்பிரிங்கைப் பழக்கமில்லாதவர் பிரிப்பதும், சமையலறையில் வைத்துப் பெட்ரோல் வடிப்பதும் கூடாது. பிஸ்டன் இறுகிப்போன மிஷினை மெக்கானிக்கிடம்தான் அனுப்ப வேண்டும்.

"இப்படி எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தால் மெக்கானிக் பிழைப்பு என்ன ஆவது?" என்று கேட்டார் நண்பர் ஒருவர். நியாயமான கேள்வி. எனக்குத் தெரிந்த மெக்கானிக்குகள் பிளக் மாற்றும் வேலையை நம்பி இல்லை. சீசனில் அவர்கள் பட்டறையில் 10 நாள் வேலை தேங்கிக் கிடக்கிறது. அந்த 10 நாள் பொறுக்க முடியாமல்தான் பலர் பழைய மிஷினைக் காயலான் கடையில் போட்டுவிட்டுப் புதிது வாங்குகிறார்கள்.

வீட்டுக்குள்ளேயே எதிர்ப்பு

என் மகனின் வாதம் வேறு. கடைக் கணக்கு இப்போது கம்ப்யூட்டரில் அவர் பொறுப்பில் இருக்கிறது. ஆறு மாதம் நகராத சரக்கை அது தனிப் பட்டியலாகக் காட்டும். நான் 30 வகை உதிரி பாகங்களை 25,000 ரூபாய்க்கு வாங்கி வைத்தபோது, முதல் வருடம் பாதிச் சரக்கு அந்தப் பட்டியலில் ஏறியது. "இந்தப் பணத்துல ரெண்டு மிஷின் எடுத்திருந்தா எப்பவோ வித்திருக்குமே அப்பா" என்றார். கணக்குப்படி அவர் சொன்னது சரி. இறக்குமதி மிஷின்கள் பார்வைக்கு ஒன்று போல இருந்தாலும் பாகங்களின் அளவு மாறுகிறது. தவறாக வாங்கியவை இன்னும் என் அலமாரியில் இருக்கின்றன. பழைய பாகத்தைக் கையோடு கொண்டுவரச் சொல்லி, ஒப்பிட்டுப் பார்த்துக் கொடுக்க ஆரம்பித்த பிறகு அந்தத் தொல்லை குறைந்தது.

இதில் பெரிய லாபம் வந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் டயாப்ரம் வாங்க வருகிற கடைக்காரர் நைலான் கயிறு, ஆயில், கிரீஸ் என்று நாலு சாமான் சேர்த்து எடுத்துப் போகிறார். சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்பது வியாபாரத்துக்கும் பொருந்தும்.

பழுதுபார்க்கும் உரிமை பற்றி ஆராய மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022ஆம் ஆண்டு ஜூலையில் ஒரு குழு அமைத்தது. அதில் முதலில் எடுத்துக்கொண்ட துறைகளில் விவசாயக் கருவிகளும் ஒன்று. அதே ஆண்டு டிசம்பர் 24 அன்று அதற்கான இணையதளமும் தொடங்கப்பட்டது. நல்ல காரியம். ஆனால் இணையதளத்தில் விவரம் கிடைக்கும். சாமான் நம் கடை அலமாரியில் இருந்தால்தான் விவசாயிக்குக் கிடைக்கும்.

எனவே உறுப்பினர்களுக்கு என் வேண்டுகோள் மூன்று. மொத்த வியாபாரிகள் எந்த மிஷினை விற்கிறோமோ அதன் சில்லறைச் சாமான்களையும் இருப்பு வைக்க வேண்டும். கடைக்காரர்கள் "இது தேறாது" என்று சொல்வதற்கு முன் ஒரு முறை பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். நம் சங்கம் மேலே சொன்னவற்றை ஒரு பக்கத் துண்டுப் பிரசுரமாகத் தமிழில் அச்சடித்து, வைகாசி மாதத்துக்குள் எல்லாக் கடைகளுக்கும் கொடுக்க வேண்டும். அச்சுச் செலவில் பாதியை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

அந்தக் கடைக்காரர் இன்றும் என்னிடம்தான் சரக்கு எடுக்கிறார். அது அவருடைய பெருந்தன்மை. அந்தத் தோட்டத்துக்காரர் மட்டும் அவர் கடைக்குத் திரும்பி வரவில்லை.