இலவச இசைக்கு யார் பதில் சொல்வது?

2015-ஆம் ஆண்டு டிசம்பர் 13, ஞாயிற்றுக்கிழமை. 2001-ல் நாடாளுமன்ற வளாகத் தாக்குதலில் உயிர் நீத்தவர்களுக்குத் தில்லியில் ஆண்டுதோறும் அஞ்சலி செலுத்தப்படும் நாள். அப்போது குளிர்காலக் கூட்டத்தொடர் நடந்துகொண்டிருந்தது. நேஷனல் ஹெரால்டு விவகாரத்தில் அவைகள் அமளியில் மூழ்கியிருந்தன. சரக்கு மற்றும் சேவை வரிக்கான அரசியல் சட்டத் திருத்த மசோதா மாநிலங்களவையைத் தாண்ட முடியாமல் நின்றது. வார இறுதியைக் கழிக்க மும்பை டிராம்பேயில் உள்ள அக்காள் வீட்டுக்குச் சென்றிருந்தேன். அன்று மாலை அக்காள் மகன் விடாப்பிடியாக என்னை ஓர் இசை விழாவுக்கு இழுத்துச் சென்றான்.

மான்குர்தில் ரயிலேறி, தாணே கழிமுகத்தின் மேலுள்ள பாலத்தைக் கடந்தால் வாஷி. அதற்கப்பால் சில நிலையங்களில் நெருள். அங்குள்ள டி.ஒய். பாட்டீல் விளையாட்டரங்கில் நெதர்லாந்து நாட்டு டிஜே ஹார்ட்வெல்லின் நிகழ்ச்சி. உலகின் முதல்நிலை டிஜே என்று 2013, 2014 ஆகிய இரண்டு ஆண்டுகளும் துறைசார்ந்த பத்திரிகையின் வாக்கெடுப்பில் தேர்வானவர் அவர். முன்கூட்டிப் பெயர் பதிந்தவர்களுக்கு நுழைவு இலவசம். விழாவின் மூலம் திரட்டப்படும் நிதி, "மேஜிக் பஸ்" தொண்டு நிறுவனத்தின் வாயிலாக 18,000 ஏழைக் குழந்தைகளின் கல்விக்குச் செல்லும் என்று அறிவிக்கப்பட்டிருந்தது.

கர்நாடக இசையை மாட்டுங்கா ஷண்முகானந்தா அரங்கிலும், செம்பூர் ஃபைன் ஆர்ட்ஸ் அரங்கிலும் நாற்காலியில் அமர்ந்து கேட்டுப் பழகிய செவிக்கு அது வேறு உலகம். பாடகர் இல்லை, பக்கவாத்தியம் இல்லை. நிமிடத்துக்கு ஏறத்தாழ 128 அடிகள் என்ற கதியில் இயந்திர முழக்கம் ஏறிக்கொண்டே போகிறது. உச்சத்தில் எல்லாம் நின்று ஒரு கணம் மௌனம். மறுகணம் அடி இடிபோல் இறங்குகிறது. அந்த ஒரு கணத்தை நம்மூர்த் தப்பாட்டக் கலைஞர்களும் நன்கறிவர். கட்டணம் இல்லாத கூட்டம் என்பதால் எல்லா வகை இளைஞரும் இருந்தனர். ஆங்கிலம் பேசும் கல்லூரி மாணவர்களுக்குப் பக்கத்தில், மான்குர்திலிருந்து எங்களோடு ஒரே பெட்டியில் தொங்கிக்கொண்டு வந்த பையன்களும் ஆடினர். மும்பையில் இத்தகைய கலப்பு அரிது. அதற்காகவே அந்த மாலையை நான் மதிக்கிறேன்.

திரும்பும்போது அக்காள் மகன் சொன்னான்: "மாமா, இதுல பாதி சத்தத்துக்கு நம்ம தெருவுல வச்சிருந்தா இந்நேரம் போலீஸ் வந்திருக்கும்."

அவனுக்கு அப்போது 19 வயது. டிராம்பேயில் ஒலி, ஒளி அமைப்புகளை வாடகைக்கு விடுபவரிடம் வேலை பார்த்து வந்தான். பிள்ளையார் ஊர்வலம், நவராத்திரி, மாரியம்மன் திருவிழா, திருமணம் என்று ஸ்பீக்கர் பெட்டிகளை லாரியில் ஏற்றி இறக்குவதே பிழைப்பு. கட்டணமின்றித் திறந்தவெளியில் மின்னணு இசை என்பது அவனுக்குப் புதியதன்று. அவன் தெருவில் ஆண்டுக்கு நாலைந்து முறை நடப்பதுதான்.

அந்தத் தெருவின் கதையையும் சொல்லியாக வேண்டும். டிராம்பேயின் சீட்டா கேம்ப், மக்கள் தாமாகத் தேர்ந்துகொண்ட இடமல்ல. அணுசக்தி மையத்தை ஒட்டியிருந்த ஜனதா காலனியில் வசித்த சுமார் 70,000 பேர், நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 மே மாதம் அப்புறப்படுத்தப்பட்டு இங்கே கொண்டுவந்து விடப்பட்டனர். அவர்களுள் தமிழர் ஏராளம். அந்த வெளியேற்றத்தை எதிர்த்துப் போராடிய கோலார் தங்கவயல் தமிழரான ஜோக்கின் அற்புதம் பின்னர் தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பை நிறுவி, மகசேசே விருதும் பத்மஸ்ரீயும் பெற்று, 2018-ல் மறைந்தார். டிராம்பே அடங்கிய "எம் கிழக்கு" வார்டு, 2009-ல் வெளியான மும்பை மனித வளர்ச்சி அறிக்கையில் நகரின் வார்டுகளிலேயே கடைசி இடத்தில் இருந்தது. இங்கே வீட்டுக்குள் இடமில்லாததால் திருமணமும் திருவிழாவும் தெருவில்தான் நடக்கும். மைதானம் இல்லாதவனுக்குத் தெருவே மைதானம்.

இனி, சட்டத்துக்கு வருவோம். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு (ஒழுங்குமுறை, கட்டுப்பாடு) விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்கு இடமில்லை. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்பது வரம்பு. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி அமைதி மண்டலம். இவற்றுக்கு விலக்காக, கலாசார, சமய விழாக்களுக்கு ஆண்டுக்கு 15 நாள்களுக்கு மிகாமல் நள்ளிரவு வரை அனுமதிக்க மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. இரவு நேரத் தடையை வலியுறுத்திய உச்ச நீதிமன்றமே, 2005 அக்டோபரில் இந்த 15 நாள் சலுகை செல்லும் என்றும் தீர்ப்பளித்தது. 2018 செப்டம்பரில் பிள்ளையார் கரைப்பு ஊர்வலங்களில் டிஜே அமைப்புகளுக்கு அனுமதி கோரி ஒலியமைப்பாளர்கள் சங்கம் வழக்குத் தொடுத்தபோது, பம்பாய் உயர் நீதிமன்றம் இடைக்கால நிவாரணம் தர மறுத்தது. அந்த மாதம் எங்கள் பையனுக்கு வேலையில்லை.

ஆயினும் அந்த உத்தரவைக் குறைகூற மாட்டேன். என் தாயார் இதய நோயாளி. அக்காள் வீட்டில்தான் இருந்தார். ஊர்வலம் கடக்கையில் அலமாரிக் கண்ணாடி அதிரும். அவர் நெஞ்சில் கைவைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்துவிடுவார். பேரன் ஏற்றிவிட்ட பெட்டிதான் பாட்டியின் நெஞ்சை உலுக்கியது. ஒரே வீட்டுக்குள் இரண்டு நியாயங்கள் இருந்தன. செம்பூருக்கு அருகே, குர்லா நேரு நகர்க் குடியிருப்போர் தொடுத்த வழக்கில், ஒலிபெருக்கி எந்த மதத்துக்கும் இன்றியமையாத அங்கமல்ல என்று 2025 ஜனவரியில் பம்பாய் உயர் நீதிமன்றம் கூறியது. சரியான தீர்ப்பே.

எனது வினா வேறு. விலக்கு யாருக்கு, எந்த அவையின் ஒப்புதலோடு தரப்படுகிறது?

2016 நவம்பர் 19 அன்று, தாராவிக்கு எதிரே மித்தி ஆற்றின் மறுகரையில் உள்ள பாந்த்ரா-குர்லா வளாகத்தின் எம்எம்ஆர்டிஏ மைதானத்தில் "குளோபல் சிட்டிசன்" விழா நடந்தது. கோல்ட்பிளே குழுவினரும் ஏ.ஆர். ரஹ்மானும் மேடையேறிய அந்த நிகழ்ச்சி மின்னணு இசைக்கு மட்டுமானதல்ல. பெரும்பாலான நுழைவுச் சீட்டுகள் இலவசம், எஞ்சியவை விற்கப்பட்டன. அதற்குக் கேளிக்கை வரியிலிருந்து மாநில அமைச்சரவை விலக்களித்தது. காங்கிரசும் தேசியவாத காங்கிரசும் கண்டித்தன. ரூபாய் நோட்டு வாபஸ் அறிவிப்பு வெளியாகி 11-ஆம் நாள் அது. பிரதமர் அவைக்கு வர வேண்டும் என்று எதிர்க்கட்சிகள் முழங்கிக்கொண்டிருந்த வாரத்தில், பிரதமர் காணொலி மூலம் அந்த இசை விழாக் கூட்டத்தில் உரையாற்றினார். அவர் மாநிலங்களவைக்கு வந்தது 24-ஆம் தேதி. பத்திரிகையாளர் மாடத்திலிருந்து பார்த்தவர்களுக்கு இந்த வரிசை மறக்காது.

வரி விலக்கு தவறு என்று சொல்ல வரவில்லை. நற்பணி நோக்கம் இருந்தால் விலக்களிக்கலாம். ஆனால், அன்று கேட்பதற்கு ஒரு சட்டப்பேரவையாவது இருந்தது. 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்தபின் நிலைமை மாறியது. 101-ஆவது அரசியல் சட்டத் திருத்தம், மாநிலப் பட்டியலின் 62-ஆவது இனத்தைத் திருத்தி, ஊராட்சிகளும் நகராட்சிகளும் விதித்து வசூலிக்கும் அளவுக்கு மட்டுமே கேளிக்கை வரியை விட்டுவைத்தது. நான் நெருளில் நின்றிருந்த அந்த வாரம் மாநிலங்களவையில் சிக்கிக் கிடந்த மசோதாதான் இது. நோக்கம் சரி, உள்ளூர் விழாவின் வரவும் செலவும் உள்ளூர் அவையிடம் இருப்பதே முறை. மும்பை மாநகராட்சியிலோ, 2022 மார்ச்சில் உறுப்பினர்களின் பதவிக்காலம் முடிந்தபின் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் தேர்தலே நடக்கவில்லை; நிர்வாகியின் கையில்தான் எல்லாம். டிராம்பேவாசி ஒருவர் தம் வார்டில் கேள்வி எழுப்ப ஒரு மாமன்ற உறுப்பினர்கூட இல்லாத காலம் அது.

இவ்விஷயத்தில் ஜெர்மனியின் அனுபவம் நமக்குப் பாடம். 1989-ல் மேற்கு பெர்லினில் சுமார் 150 பேருடன் "லவ் பரேட்" தொடங்கியது. டாக்டர் மோட்டே என்ற டிஜே அதனை இசை விழாவாகப் பதியாமல் அரசியல் ஊர்வலமாகப் பதிந்தார். அமைதி, களிப்பு, அப்பம் என்பது அதன் முழக்கம். ஊர்வலமாதலால் காவலும் குப்பை அகற்றலும் அரசின் செலவு. பத்தே ஆண்டுகளில் கூட்டம் பத்து லட்சத்தைத் தாண்டியது. இது அரசியல் கூட்டமன்று, கேளிக்கை என்று 2001-ல் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் கூறிவிட்டது; செலவு அமைப்பாளர் தலையில் விழுந்தது. 2004, 2005-ல் பணமின்றி விழா ரத்தானது. பின்னர் ஓர் உடற்பயிற்சி நிறுவனம் நிதி தர, ஊர் ஊராகச் சென்று, 2010 ஜூலை 24-ல் டூயிஸ்பர்க் நகரின் பழைய சரக்கு ரயில் முனையத்தில் முடிந்தது. சுரங்கப் பாதை வழியாக வந்து ஒரே சரிவுப் பாதையில் ஏற வேண்டிய நெரிசலில் 21 பேர் இறந்தனர்.

அதற்குப் பதில் சொன்னது யார்? குற்றவியல் வழக்கின் விசாரணை 2017 டிசம்பரில்தான் தொடங்கியது. 2020 மே மாதம் தீர்ப்பின்றியே முடித்துவைக்கப்பட்டது. ஆனால் 2012 பிப்ரவரியில் நகர மக்கள் வாக்களித்து மேயரைப் பதவியிலிருந்து இறக்கிவிட்டனர். நீதிமன்றம் தராத பதிலை வாக்குப்பெட்டி தந்தது.

நம்மிடம் அந்த வழியும் தெளிவாக இல்லை. 2025 ஜூன் 4-ல் பெங்களூரு சின்னசாமி விளையாட்டரங்கின் வாயில்களில், கிரிக்கெட் வெற்றி விழாவைக் காண வந்த 11 பேர் நெரிசலில் மாண்டனர். அதே ஆண்டு செப்டம்பர் 27-ல் கரூர் அரசியல் கூட்டத்தில் 41 பேர். இரண்டிலும் மறுநாளே பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் படலம் தொடங்கியதை வாசகர் அறிவர். கட்டணம் வாங்கினால் விற்ற சீட்டின் கணக்கிலிருந்தேனும் தலைகளின் எண்ணிக்கை தெரியும். வாயிலைத் திறந்துவிட்டால் அதுவும் தெரியாது. இலவச நிகழ்ச்சிக்குத்தான் கூடுதல் காவலும் கூடுதல் வாயில்களும் தேவை. அந்தச் செலவும் மக்களுடையதே.

அப்படியானால் இலவச விழாவே வேண்டாம் என்பாரும் உண்டு. அது கட்டணம் கொடுக்க வல்லவரின் வாதம். சென்னையில் 2007-ல் தொடங்கிய "சென்னை சங்கமம்" பூங்காக்களுக்கும் தெருக்களுக்கும் கிராமியக் கலைஞர்களைக் கொண்டுவந்தது. ஆட்சி மாறியதும் நின்றது, ஆட்சி மீண்டதும் 2023-ல் திரும்பி வந்தது என்பது வேறு கதை. திருவிழாவும் கட்சிக்கொடி பார்த்தே நடக்கும் நம் நாட்டில் வியப்பதற்கில்லை. எனினும் அதை அரசின் நிகழ்ச்சி என்று சுட்டிக்காட்டிச் சட்டப்பேரவையில் கேள்வி கேட்க முடியும். பெசன்ட் நகரின் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் டி.எம். கிருஷ்ணா உள்ளிட்டோர் 2015 முதல் நடத்திய விழாவும் கட்டணமற்றதே. டிராம்பேயிலும் ஒரு கோலிவாடா உண்டு, கடலோரம் உண்டு. அங்கே ஒரு மாலை நடக்க முடியாதா?

மகாராஷ்டிர அரசு நினைத்தால் செய்யலாம். 15 நாள் விலக்குப் பட்டியலைப் பிள்ளையார் விழா, நவராத்திரி, டிசம்பர் 31 போன்றவற்றுக்கு மட்டும் பகிர்ந்தளிக்காமல், ஒன்றிரண்டு நாள்களை வார்டுகளுக்கென ஒதுக்கலாம். மைதான வாடகையிலும் காவல் கட்டணத்திலும் வரியிலும் யாருக்கு எவ்வளவு தள்ளுபடி என்பதை மாநகராட்சி மன்றத்தின் முன் ஆண்டுதோறும் வைக்கச் செய்யலாம். டெசிபல் கருவியை டிராம்பே தெருமுனைக்கு எடுத்துச் செல்லும் கை, பெருவிழாவின் வாயிலுக்கும் எடுத்துச் செல்ல வேண்டும்.

"இசை நிகழ்ச்சிப் பொருளாதாரம்" இப்போது அரசின் சொல்லாகிவிட்டது. 2025 ஜனவரி 28-ல் புவனேசுவரத்தில் பேசிய பிரதமர், மும்பையிலும் ஆமதாபாத்திலும் நடந்த கோல்ட்பிளே நிகழ்ச்சிகளைச் சுட்டிக்காட்டி, இத்துறைக்கான கட்டமைப்பிலும் பயிற்சியிலும் மாநிலங்கள் கவனம் செலுத்த வேண்டும் என்றார். கோவாவில் 2007-ல் தொடங்கிய "சன்பர்ன்" மின்னணு இசை விழா, 2025 டிசம்பரில் மும்பை சிவ்ரிக்கு வந்தது. கட்டண விழா அது. அக்காள் மகன் மேடைக்குப் பின்னால் கேபிள் இழுக்கும் வேலைக்குச் சென்றிருந்தான்.

வேலை முடிந்த மறுநாள் தொலைபேசியில் பேசினான். மேடையைப் பற்றியும் பெட்டிகளைப் பற்றியும் வெகுநேரம் சொன்னான். வைக்கும் முன் கேட்டான்: "மாமா, நம்ம தெரு அம்மன் திருவிழாவுக்கு அந்தப் பதினஞ்சு நாள்ல ஒரு நாள் வேணும்னா யார்கிட்ட மனு குடுக்கணும்? கலெக்டர் ஆபீஸ்ல கேட்டா ஸ்டேஷனுக்குப் போங்கறாங்க, ஸ்டேஷன்ல கேட்டா வார்டு ஆபீசுக்குப் போங்கறாங்க. நீங்க தில்லியில விசாரிச்சுச் சொல்லுங்க."