கலங்கரை விளக்கம்: சொல்லும் கல்லும் காக்கப்பெறுக!

கல்வராயன் மலைமுடியில் நின்று நோக்குவார்க்குக் கடல் தோன்றாது. ஆயினும் அம்மலையிற் பெய்யும் மழை கடலை நோக்கியே செல்கின்றது. ஆங்குப் பிறக்கும் கோமுகியாறு, கச்சிராயபாளையத்தருகே அணையில் தேங்கி, கள்ளக்குறிச்சி வயல்களை நனைத்து, வெள்ளாற்றொடு கலக்கின்றது. வெள்ளாறோ பரங்கிப்பேட்டையருகே கடல் புகுகின்றது. ஆறு இணைத்து வைத்த நிலத்தை அறியாமை பிரித்தலாகாது. ‘கலங்கரை விளக்கத்தைக் காப்பது கடற்கரையார் கடன், மலையடியில் வாழ்வார்க்கு அதனால் ஆவதென்ன?’ என வினவுவார் உளர். குறிஞ்சியும் நெய்தலும் ஒரே தமிழ்நிலத்தின் இரு திணைகள் என்பதே அவர்க்கு விடை.

கலங்கரை விளக்கம் என்னும் சொல் நேற்று ஆங்கிலத்தைப் பார்த்துப் படைத்துக்கொண்ட சொல் அன்று. புகார்க் கடற்கரையைப் பாடுமிடத்துச் சிலப்பதிகாரம் இச்சொல்லையே ஆள்கின்றது. ‘கரை’ என்றவுடன் கடலின் ஓரத்தையே பலரும் எண்ணுவர். கரைதல் என்பதற்கு அழைத்தல் என்பதும் பொருள். காக்கை கரைகின்றது என்னும் வழக்கு இன்றும் உண்டன்றோ? இருட்கடலில் திசை தெரியாது உழலும் கலங்களை ‘ஈங்கு வருக’ என ஒளியால் அழைக்கும் விளக்கமே கலங்கரை விளக்கம். ஆங்கிலப் பெயர் விளக்கு இருக்கும் வீட்டை மட்டுமே சுட்டுகின்றது; தமிழ்ப்பெயரோ விளக்கின் தொழிலையே சொல்லிவிடுகின்றது.

சொல் இருந்தது, பொருளும் இருந்தது. தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை, நீர்ப்பெயற்று என்னும் துறையில் நின்ற வானளாவிய மாடத்தைக் காட்டுகின்றது. அதற்குக் கூரை வேயப்படவில்லை. ஏணி சார்த்தியே ஏறவேண்டும். அதன் உச்சியில் இரவுதோறும் ஏற்றிய தீ, ஓடும் கலங்களைத் துறைக்கு அழைத்தது. ஆங்கிலன் விளக்கேற்றிய பின்னரே தமிழன் கடலிருளைக் கடந்தான் என்பார், இப்பாட்டைப் படித்தறியாதாரே ஆவர்.

இவ்வரலாற்றைக் கல்லிற் காண விழைவார் மாமல்லபுரம் செல்லுக. அங்கே மகிடாசுரமர்த்தினி குடைவரைக்கு மேலே, பாறை முகட்டில், பல்லவ வேந்தன் இராசசிம்மன் 8-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய சிவன்கோயில் ஒன்றுண்டு. உலைக்கண்ணீசுவரம் என்பது அதன் பெயர். உலைக்கண் என்பது தீக்கண். பெயருக்கேற்பவே 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அதன் கூரைமேல் கலங்கட்கு விளக்கு எரிந்தது. பின்னர் அருகிலேயே கருங்கல்லால் வட்டக் கோபுரம் எழுந்தது. விளக்கு அதற்கு மாறியது. பல்லவன் கட்டியதும் ஆங்கிலர் கட்டியதும் இன்று அடுத்தடுத்து நிற்கின்றன. முன்னதைத் தொல்லியல் துறை காக்கின்றது. 1984-இல் உலக மரபுச் செல்வமாக ஏற்கப்பட்ட மாமல்லபுரத் தொகுதியில் அதுவும் அடங்கும்.

காப்பாரின்றேல் நேர்வது யாது என்பதைக் கோடியக்கரை கற்பிக்கும். சோழர் காலத்தது எனப் போற்றப்பட்டு வந்த பழங்கலங்கரை விளக்கம் ஆங்கு நின்றது. 2004 திசம்பர் 26-ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை அதனை வீழ்த்திவிட்டது. எஞ்சியது அதன் சிதைவே. அலையைத் தடுத்தல் அரிது. எனினும் அலை வருமுன்னர்ப் பழுது பார்த்தலும், அளந்து வரைந்து வைத்தலும், வரலாறு எழுதிவைத்தலும் மாந்தரால் இயலாதன அல்ல.

இன்று கலங்கள் செயற்கைக்கோளின் துணைகொண்டு வழியறிகின்றன. கலங்கரை விளக்கங்களின் பழந்தேவை குறைந்து வருகின்றது. தேவை குறைந்த பொருளைப் புறக்கணித்தல் உலகியல்பு. ஆகவே காப்பு வேண்டுவது இப்பொழுதுதான். 1927-ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கி 2021-இல் நடுவணரசு இயற்றிய சட்டம், தன் ஆளுகைக்குட்பட்ட கலங்கரை விளக்கங்களை மரபுச் சிறப்புடையன என அறிவிக்கவும், அவற்றைக் கல்விக்கும் பண்பாட்டிற்கும் சுற்றுலாவிற்கும் பயன்படுத்தவும் வழி வகுத்துள்ளது. அவ்வழி சுற்றுலா வருவாயோடு முடிந்துவிடின் பயனில்லை. கல்வி என்னும் சொல்லும் அச்சட்டத்திலேயே உள்ளதன்றோ?

எனவே தமிழர் கேட்க வேண்டுவன மூன்று. கோடியக்கரைச் சிதைவு மேலும் அழியாவண்ணம் வேலியிட்டுக் காக்கப்படல் வேண்டும். தமிழகக் கடற்கரையில் நிற்கும் ஒவ்வொரு கலங்கரை விளக்கத்தின் வாயிலிலும், அதன் வரலாற்றோடு இச்சொல்லின் தொன்மையும் தமிழில், முதலிடத்தில், பிழையின்றிப் பொறிக்கப்படல் வேண்டும். மாமல்லபுரம் செல்லும் கள்ளக்குறிச்சி, கல்வராயன் மலைப் பள்ளிப் பிள்ளைகட்கு ஆசிரியர் சிற்பங்களை மட்டும் காட்டித் திரும்பாமல், உலைக்கண்ணீசுவரத்தின் அடியில் நிறுத்தி, கரைதல் என்னும் சொல்லின் பொருளையும் உரைத்தல் வேண்டும்.

முதலிரண்டும் அரசு செய்ய வேண்டுவன. அவற்றிற்குக் காலம் ஆகலாம். மூன்றாவதற்கு எவர் ஒப்புதலும் வேண்டா; ஓர் ஆசிரியரும் ஒரு நாழிகைப் பொழுதும் போதும். கடலைக் கண்டறியாத மலைப்பிள்ளை ஒருவன் அச்சொல்லின் பொருளறிந்து வீடு திரும்புவானாயின், பழைய மாடத்தில் அணைந்த விளக்கு அவன் நெஞ்சில் எரியத் தொடங்கிவிடும்.