மோட்டாரைத் தூக்கும்போதே பம்பையும் பார்க்க வேண்டும்

சரக்கு வண்டிகளைப் பழுது பார்க்கும் பட்டறைகளில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. டைமிங் பெல்ட்டே வாட்டர் பம்பையும் சுழற்றும் எஞ்சினாக இருந்தால், பெல்ட்டை மாற்றும்போது பம்பையும் சேர்த்து மாற்றிவிடுவார்கள். "பம்பு ஓடிக்கொண்டுதானே இருக்கிறது?" என்று வண்டிக்காரர் கேட்பது இயல்பு. ஆனால் இரண்டுக்கும் பிரித்துப் பூட்டும் கூலி ஒன்றுதான். பழைய பம்பின் பேரிங் பின்னால் இறுகினால் புதுப் பெல்ட்டும் அறுந்துபோகும். வால்வு பிஸ்டனில் இடித்து எஞ்சினே கெடவும் கூடும்.

இதே கணக்கு போர்க்கிணற்றில் இறங்கியிருக்கும் நீர்மூழ்கி மோட்டாருக்கும் பொருந்தும். டெல்டா விவசாயிகள் பலர் இங்கே இதை மறந்துவிடுகிறார்கள்.

மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறக்கப்படுவது வழக்கம். ஆனால் 2024-ல் ஜூலை 28-ல்தான் திறக்கப்பட்டது. அத்தகைய ஆண்டில் திருவையாறு, பாபநாசம், கும்பகோணம் வட்டாரங்களில் குறுவையைக் காப்பாற்றுவது போர் தண்ணீரே. குறுகிய கால ரகங்களின் நாற்றை 25 நாளுக்குள் நட்டுவிட வேண்டும். அந்த நேரத்தில் மோட்டார் எரிந்தால் தூக்குகிற ஆட்களுக்கும் காத்திருக்க வேண்டும், காயில் கட்டும் பட்டறையிலும் காத்திருக்க வேண்டும். நாற்று காத்திருக்காது.

மோட்டார் எரிந்ததும் காயிலை மட்டும் கட்டி இறக்கிவிடுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. குறைந்த மின்அழுத்தத்தாலும், மூன்று பேஸில் ஒன்று போவதாலும் காயில் எரிவது உண்மை. ஆனால் புஷ் தேய்ந்திருந்தாலும் எரியும். புஷ் தேய்ந்தால் தண்டு ஆடும், ரோட்டார் உராயும், சூடேறும். தேய்ந்த புஷ்ஷின் மேல் புதுக் காயிலைக் கட்டி இறக்கினால், அடுத்த பருவத்திலேயே அதே மோட்டாரை மறுபடி தூக்க நேரலாம். தூக்கும் கூலி, இறக்கும் கூலி, காயில் கூலி மூன்றும் இரண்டாம் முறை. மிச்சம் பிடித்தது ஒரு புஷ்ஷின் விலை.

ஆகவே மோட்டார் மேலே வந்த அன்றே புஷ், த்ரஸ்ட் பேரிங், சீல் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். மணல் வரும் போர்களில் பம்பின் இம்பெல்லர் தேய்ந்திருக்கும். அதையும் கழற்றிப் பார்க்க வேண்டும். கேபிள் ஜாயிண்டைப் புதிதாகப் போட்டுவிடுவது நலம். குழாயின் மரை அரித்திருந்தால் மோட்டாரே போருக்குள் விழுந்துவிடும். தண்ணீர் நிரப்பும் வகை மோட்டாராக இருந்தால், இறக்குவதற்கு முன் சுத்தமான தண்ணீரை நிரப்பக் கூடாதா என்று யோசிக்கவே இடமில்லை. நிரப்பியே தீர வேண்டும்.

காயிலுக்கே கடன் வாங்குகிறவன் இத்தனைக்கும் எங்கே போவான் என்ற கேள்வி நியாயமானது. எல்லாவற்றையும் மாற்றச் சொல்லும் பட்டறைக்காரரின் பேச்சையும் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. நல்ல நிலையில் உள்ள பாகம் திரும்பப் போகட்டும். கழற்றிய பழைய பாகத்தைக் கையில் வாங்கிப் பார்த்த பிறகே பணம் கொடுக்கலாம். ஆனால் தேய்ந்தது கண்ணுக்குத் தெரிந்தபின், அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளுவது சிக்கனம் அல்ல.

மோட்டார் எரியும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. 200 லிட்டர் டிரம் நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்று பருவத்துக்கு ஒரு முறை குறித்து வைக்கலாம். ஸ்டார்ட்டரில் உள்ள ஆம்பியர் மீட்டரையும் கவனிக்கலாம். நேரம் கூடினாலோ, ஆம்பியர் வழக்கத்தைவிட ஏறினாலோ காரணத்தை விசாரிக்க வேண்டும். சம்பா, தாளடி அறுவடை முடிந்து குறுவை நாற்றங்கால் தொடங்கும் வரையுள்ள இடைவெளியே இந்த வேலைக்கு ஏற்றது. பக்கத்துப் பக்கத்துப் போர்க்காரர்கள் ஒரே நாளில் ஆட்களை அழைத்தால் கூலியைப் பேசிக் குறைக்கவும் வழி உண்டு.

பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசம். பழுதுச் செலவு இலவசம் அல்ல. அதை ஒரே வேலைக்கு இரண்டு முறை கொடுக்கச் சிறு விவசாயிக்குக் கட்டாது.