பொய்க்கால் எறும்பின் கணக்கு

துனிசியாவின் உப்புச் சமவெளிகளில் கட்டாக்ளிஃபிஸ் என்ற எறும்பு வாழ்கிறது. வெயிலில் செத்து விழுந்த பூச்சிகளைத் தேடிக் கோணல்மாணலாக அலையும். இரை கிடைத்ததும் புற்றை நோக்கி நேர்கோட்டில் திரும்பும். திசையைச் சூரியனையும் வானொளியையும் கொண்டு அறிகிறது. தூரத்தை எப்படி அறிகிறது?

2006-இல் விட்லிங்கர், வேனர், வுல்ஃப் ஆகிய ஆய்வாளர்கள் மூவரும் இதற்கு விடை தேடிச் செய்த சோதனை கொஞ்சம் கொடூரமானது, ஆனால் அபாரமானது. புற்றிலிருந்து 10 மீட்டர் தள்ளி இரை வைத்தார்கள். அங்கு வந்து சேர்ந்த எறும்புகளில் சிலவற்றுக்குப் பன்றி முடியை ஒட்டிப் பொய்க்கால் பூட்டினார்கள். சிலவற்றின் கால்களைத் தறித்துக் குட்டையாக்கினார்கள். பிறகு, புற்றே இல்லாத வேறொரு தடத்தில் திரும்ப ஓடவிட்டார்கள். பொய்க்கால் எறும்புகள் ஏறக்குறைய 15 மீட்டர் ஓடிய பிறகுதான் புற்றைத் தேடத் தொடங்கின. கால் குட்டையானவை 6 மீட்டருக்குள்ளேயே தேட ஆரம்பித்துவிட்டன. மாற்றப்பட்ட கால்களுடன் புற்றிலிருந்தே கிளம்பிப் போய் வந்தபோதோ, இரு வகை எறும்புகளுக்கும் கணக்கு சரியாக வந்தது.

எறும்பு ஒன்று, இரண்டு என்று எண்ணுகிறது என்று இதற்குப் பொருள் இல்லை. எடுத்து வைக்கும் ஒவ்வொரு அடியும் உள்ளே ஏதோ ஓர் அளவைக் கூட்டுகிறது. அந்த அளவு, கண்ணுக்குத் தெரியாத புற்றின் தூரத்துக்குப் பிரதிநிதியாக நிற்கிறது. கூட்டுவது கணக்கீடு, இன்னொன்றுக்காக நிற்பது பிரதிநிதித்துவம். மனத்தை ஆராயும் அறிதல் அறிவியல், தோன்றிய நாளிலிருந்து இந்த இரண்டின் மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது. எது எதைத் தாங்குகிறது என்ற சண்டை மட்டும் இன்னும் ஓயவில்லை.

பிரதிநிதித்துவம் இல்லையென்றால் கணக்கீடும் இல்லை என்றார் தத்துவவாதி ஜெர்ரி ஃபோடர். 1975-இல் வெளிவந்த ‘சிந்தனையின் மொழி’ நூலின் அடித்தளமே அதுதான். இன்னொரு தத்துவவாதி குவால்தியேரோ பிச்சினினி இதை மறுக்கிறார்: ஓர் இயந்திரம் குறிகளை விதிப்படி மாற்றினாலே அது கணக்கீடு, அந்தக் குறிகள் எதைச் சுட்டுகின்றன என்பது தனிக் கேள்வி. இயந்திரத்தின் அளவில் பிச்சினினி சொல்வது சரி. மனத்துக்கு அது போதாது.

குறியின் வடிவம் கணக்கை எவ்வளவு மாற்றும் என்பதைப் பார்வையை ஆராய்ந்த டேவிட் மார், அவர் மறைந்த பின் 1982-இல் வெளிவந்த ‘பார்வை’ நூலில், ரோமானிய எண்களை வைத்து விளக்கினார். நமக்கு அதற்கு ரோமாபுரி வரை போக வேண்டியதில்லை. பழைய தமிழ் முறையில் 2345 என்பதை ௨௲௩௱௪௰௫ என்று எழுதினார்கள். ஆயிரத்துக்கும் நூற்றுக்கும் பத்துக்கும் தனித்தனிக் குறி இருப்பதால் படிக்கச் சிரமமில்லை. இன்று பள்ளியில் செய்வதுபோல ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பெருக்கப் பாருங்கள், திணறிப்போவீர்கள். எண் அதேதான், அதை எப்படி நிறுத்திவைக்கிறோம் என்பதைப் பொறுத்து ஒரு வேலை எளிதாகிறது, இன்னொன்று கடினமாகிறது.

சரி, பிரதிநிதித்துவத்தை அடியோடு கைவிட்டால் என்ன ஆகும்? தத்துவவாதி ஜான் சேர்ல் ஒரு குறும்பான உதாரணம் சொன்னார். போதுமான அளவு பெரிய சுவராக இருந்தால், அதன் மூலக்கூறுகளின் அசைவில் ‘வேர்ட்ஸ்டார்’ மென்பொருளின் அமைப்புக்கு ஒத்த ஒன்றைக் கண்டெடுத்துவிடலாம் என்றார். கணக்கீடு என்பதே பார்ப்பவர் ஏற்றிச் சொல்வது என்பது அவர் முடிவு. அந்த முடிவை நான் ஏற்கவில்லை. சுவரால் தப்பு செய்ய முடியாது. எறும்பால் முடியும், அதுவும் எவ்வளவு தவறும் என்று முன்கூட்டியே சொல்லும்படி தவறுகிறது. வேறுபாடு இங்கேதான் இருக்கிறது.

எதிர்முகாமும் வலுவானதே. 1991-இல் ரோபோ வல்லுநர் ரோட்னி புரூக்ஸ், உலகமே கண்முன் இருக்கும்போது அதன் மாதிரியைத் தலைக்குள் ஏன் சுமக்க வேண்டும் என்று கேட்டார். 1995-இல் தத்துவவாதி டிம் வான் கெல்டர், நீராவி எந்திரத்தின் வேகத்தைச் சீராக்கும் ஜேம்ஸ் வாட்டின் சுழல்குண்டுக் கருவியைக் காட்டினார். வேகம் கூடினால் குண்டுகள் விரிந்து மேலெழும், வால்வு மூடும். குறியும் இல்லை, கணக்கும் இல்லை. மனமும் இப்படித்தான் இருக்கலாம் என்பது அவர் வாதம். நடப்பதற்கும் பிடிப்பதற்கும் சமநிலை காப்பதற்கும் இது பெருமளவு பொருந்தும். ஆனால் வாட்டின் கருவி எப்போதும் எந்திரத்தோடு இணைந்தே இருக்கிறது. எறும்புக்குப் புற்று கண்ணில் படுவதில்லை. நாளை வரவிருக்கும் விருந்தாளிக்கு இன்றே அரிசி ஊறவைப்பவருக்கு விருந்தாளி எதிரில் இல்லை. இல்லாத ஒன்றைக் குறித்துச் செயல்பட வேண்டிய இடத்தில், அதற்குப் பதிலாக உள்ளே ஏதோ ஒன்று நின்றே ஆக வேண்டும்.

இல்லாத ஒன்றுக்காக நிற்கிறதா, மாற்றினால் எதிர்பார்த்தபடி தவறுகிறதா என்ற இந்த அளவுகோலை இன்றைய ஆரவாரங்களுக்கும் பொருத்தலாம். மூளைப் படத்தில் ஒரு பகுதி ஒளிர்ந்தால் ‘அன்பின் இருப்பிடம் கண்டுபிடிப்பு’ என்று தலைப்பு வருகிறது. ஒளிர்வது உடன்நிகழ்வு மட்டுமே. கார் ஓடும்போது எஞ்சின் சூடாகிறது. அந்தச் சூடு காருக்கு வழிகாட்டுவதில்லை.

செயற்கை நுண்ணறிவு விஷயத்தில் இந்தச் சோதனையைச் சரியாகச் செய்த ஆய்வும் உண்டு. 2022-இல் கென்னத் லீ குழுவினர், ஒதெல்லோ ஆட்டத்தின் நகர்வுப் பட்டியல்களை மட்டும் கொடுத்து ஒரு மொழி மாதிரியைப் பயிற்றுவித்தனர். பலகையையோ விதிகளையோ அதற்குக் காட்டவில்லை. ஆனாலும் 64 கட்டங்களின் நிலை அதனுள் பதிந்திருப்பதைக் கண்டறிந்தனர். அதோடு நிற்காமல், உள்ளே பதிந்திருந்த ஒரு காயின் நிறத்தை மாற்றிப் பார்த்தனர். மாற்றப்பட்ட பலகைக்கு ஏற்ற நகர்வுகளை மாதிரி சொன்னது. அந்தப் பதிவு வெறுமனே அங்கே கிடக்கவில்லை, பயன்பாட்டில் இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

சாட்ஜிபிடி போன்றவை ‘புரிந்துகொள்கின்றனவா, வெறுமனே கணக்குப் போடுகின்றனவா’ என்று கேட்பதை அதனால்தான் நான் பயனற்றதாகக் கருதுகிறேன். மூளையும் கணக்குப் போடுவதுதான். ஒதெல்லோ மாதிரிக்குள் பலகை இருப்பதால், பெரிய மாதிரிகளுக்குள் உலகமே இருக்கிறது என்று தாவுவதும் தவறு. ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதித்தாக வேண்டும். மூளைக்குள்ளோ இயந்திரத்துக்குள்ளோ உலகின் மாதிரி கிடைத்துவிட்டதாக இனி ஒரு செய்தி வந்தால், வாசகர்களே, இரண்டு கேள்விகள் கேளுங்கள்: அதை மாற்றிப் பார்த்தார்களா, எதிர்பார்த்தபடியே தப்பு நடந்ததா? இரண்டுக்கும் ஆம் என்று பதில் வராதவரை அதை நம்ப வேண்டியதில்லை.