கான்பூர் குப்பையும் பெங்களூர்த் தொழிலாளியும்

பழைய யுத்த விமானங்களைப் பழுது பார்த்துப் பொருட்காட்சிசாலையில் வைக்கும் விஷயத்தைப் பற்றிப் பேசினால் நமது தோழர்களில் பலருக்குச் சிரிப்பு வருகிறது. “கூலி உயர்வுக்கு வழியைக் காணோம், ஓட்டை விமானத்துக்குச் சாயம் பூசுவதுதான் பாக்கியா?” என்று பொத்தேரியில் ஒரு விவசாயத் தொழிலாளி நம்மிடம் கேட்டார். நியாயமான கேள்வி. அந்தக் காலத்துச் சென்னை ஜனங்கள் மியூசியத்துக்குச் ‘செத்த காலேஜ்’ என்று பெயர் வைத்தார்களே, அந்த நக்கலிலும் அர்த்தம் இருக்கத்தான் செய்தது. இருந்தாலும் இந்த விஷயத்தை நாம் கனவான்களின் பொழுதுபோக்கு என்று தள்ளிவிட முடியாது. ஏன் என்பதைக் கேளுங்கள்.

1945-ல் இரண்டாவது உலக யுத்தம் முடிந்தபோது கான்பூரில் ‘லிபரேட்டர்’ என்னும் குண்டுவீச்சு விமானங்கள் ஏராளமாக நின்றன. நான்கு எஞ்சின்கள், ஒரு சிறகு முனையிலிருந்து மறு முனைக்கு 110 அடி. கடன்-குத்தகை ஏற்பாட்டில் அமெரிக்கா பிரிட்டனுக்குக் கொடுத்தவை இவை. யுத்தம் முடிந்ததும் திருப்பித் தர வேண்டும், அல்லது விலை கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அழித்துவிட வேண்டும். பிரிட்டிஷார் அழிக்கும் வழியைப் பிடித்தார்கள். எஞ்சினுக்குள் மண்ணைக் கொட்டினார்கள், கருவிகளை நொறுக்கினார்கள், உடலை இடித்து நசுக்கினார்கள் என்று அந்த நாளைய விவரங்கள் கூறுகின்றன. இனி எவனும் இவற்றைத் தொட முடியாது என்ற தைரியத்தோடு கப்பலேறினார்கள்.

1948-ல் சுதந்திர இந்தியாவிடம் கனரகக் குண்டுவீச்சு விமானம் ஒன்றுகூடக் கிடையாது. வெளியே வாங்கப் பணமும் இல்லை. பெங்களூர் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையிலிருந்து ஆட்கள் கான்பூருக்குப் போனார்கள். காட்டுப்புல் மண்டிக் கிடந்த அந்தக் குப்பை மேட்டில் இதிலிருந்து ஒரு சக்கரம், அதிலிருந்து ஒரு எஞ்சின், வேறொன்றிலிருந்து ஒரு தகடு என்று கழற்றி மாட்டி, பறக்கும் அளவுக்கு ஒவ்வொன்றாக நிமிர்த்தினார்கள். தொழிற்சாலையின் சோதனை விமானி ஜாம்ஷெட் முன்ஷி அவற்றைப் பெங்களூருக்கு ஓட்டி வந்தார். அங்கே முழுவதும் பிரித்துச் செப்பனிட்டார்கள். இப்படி 40-க்கும் மேற்பட்ட விமானங்கள் உயிர் பெற்றன. 1948 நவம்பரில் இவற்றைக் கொண்டு 5-வது படைப்பிரிவு நிறுவப்பட்டது. 1968 வரை அவை பறந்தன. உலகத்தில் வேறு எந்த நாட்டு விமானப்படையும் அவ்வளவு காலம் லிபரேட்டரை ஓட்டவில்லை.

மில் தொழிலாளிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தாத்தா காலத்து ரிங் பிரேமை இன்றும் ஓட வைக்கிற பிட்டருக்குத் தெரியும், கடையில் கிடைக்காத சாமானைப் பட்டறையில் கடைந்து பொருத்துவது என்றால் என்ன என்று. கிராமத்தில் ஆயில் எஞ்சினைச் சாக்கு விரித்துப் பிரித்துப் போடுகிறவனுக்கும் தெரியும். விமானம் என்றால் கூடுதலாக ஒன்று உண்டு. ஒரு ரிவெட்டு தளர்ந்தாலும் மேலே இருப்பவன் உயிர் போய்விடும்.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. படையிலிருந்து விலக்கியதும் வெளிநாட்டு மியூசியங்கள் இந்தியாவின் வாசலுக்கு வந்தன. கனடா ஒன்று கொண்டுபோனது. அமெரிக்காவின் அரிஸோனாவுக்கு ஒன்று போனது. உடைத்துப் போட்ட அதே பிரிட்டனும் 1974-ல் ஒன்றை வாங்கித் தன் விமானப்படை மியூசியத்தில் பத்திரமாக நிறுத்தியது! 1980-களில் தனியார் கைக்குப் போன இன்னொன்று அமெரிக்காவில் செப்பனிடப்பட்டு 1989-ல் மறுபடி பறந்தது. அமெரிக்கப் பெயரும் படமும் அதன் மூக்கில் தீட்டப்பட்டன. சுமார் 18,000 லிபரேட்டர்கள் செய்யப்பட்டன. இன்று உலகத்தில் முழுசாக மிஞ்சியிருப்பது ஒரு டஜன் சொச்சம். அந்தச் சொச்சத்தில் பெரும் பங்கு பெங்களூர்த் தொழிலாளி காப்பாற்றியது. நமக்கென்று டில்லி பாலம் விமானப்படை மியூசியத்தில் ஒன்று நிற்கிறது.

சரித்திரத்தில் முன்ஷியின் பெயர் நின்றது. நல்லது, அவர் தைரியசாலி. ரிவெட் அடித்தவர்கள், மண்ணை வாரி எஞ்சினைக் கழுவியவர்கள், தகடு தட்டியவர்கள் பெயர் எங்கே? இதுதான் நமது சண்டை. விமானத்துக்குப் பக்கத்தில் நடுகிற பலகையில் ஓட்டியவர் பெயர் வரும், தானம் கொடுத்தவர் பெயர் வரும், திறந்து வைத்த மந்திரி பெயர் கொட்டை எழுத்தில் வரும். வேலை செய்தவனுக்கு ஒரு வரி கிடையாது.

பலகையில் வேறொன்றும் வர வேண்டும். யுத்தத்தின்போது இந்த ரக விமானங்கள் வங்காளத்திலிருந்து கிளம்பிப் பர்மாவிலும் சயாமிலும் குண்டு போட்டன. ஜப்பானியர் போட்ட சயாம் - பர்மா ரயில் பாதையும் அதன் பாலங்களும் அவற்றின் இலக்கு. அந்தப் பாதையைப் போட்டுச் செத்தவர்கள் யார்? யுத்தக் கைதிகளோடு, மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து ஓட்டிச் செல்லப்பட்ட பல்லாயிரம் தமிழ்க் கூலிகள். தஞ்சையிலும் திருச்சியிலும் இருந்து பிழைக்கப் போனவர்களும் அவர்கள் பிள்ளைகளும். கீழே அவர்கள், மேலே விமானம். இதைச் சொல்லாமல் பளபளப்பாகச் சாயம் பூசி நிறுத்தினால் அது பொம்மைக் கண்காட்சி.

இப்போது நமது பக்கத்து நிலைமையைப் பார்ப்போம். அரக்கோணம் கடற்படை விமானத் தளத்திலிருந்து பறந்த சோவியத் தயாரிப்பான டி.யு.-142 விமானங்கள் 2017 மார்ச்சில் விலக்கப்பட்டன. அதில் ஒன்றை விசாகப்பட்டினத்துக்கு ஓட்டிச் சென்று, பிரித்துக் கடற்கரைச் சாலையில் மறுபடி கோத்து, அதே வருஷம் டிசம்பரில் மியூசியமாகத் திறந்தார்கள். ஜனங்கள் உள்ளே ஏறிப் பார்க்கிறார்கள். செய்ய மனமிருந்தால் செய்யலாம் என்பதற்கு இது அத்தாட்சி. மறுபக்கம், ‘பரசுராமா’ என்று பெயரிட்ட டகோட்டா விமானத்தை, அப்போது ராஜ்யசபை உறுப்பினராக இருந்த ராஜீவ் சந்திரசேகர் வெளிநாட்டில் விலைக்கு வாங்கி, பிரிட்டனில் செப்பனிட்டு விமானப்படைக்குக் கொடுத்தார். 2018 ஏப்ரலில் அது இந்தியா வந்தது. அவர் கொடுத்ததைக் குறை சொல்லவில்லை. ஆனால் குப்பையிலிருந்து 40 லிபரேட்டரை எழுப்பிய நாடு, ஒரு டகோட்டாவைச் செப்பனிட இங்கிலாந்துப் பட்டறைக்கா போக வேண்டும்?

பூங்காவில் கம்பத்தின்மேல் விமானத்தைக் குத்தி வைப்பதைப் பாதுகாப்பு என்று நாம் ஏற்கவில்லை. கடல் காற்று அலுமினியத்தை அரிக்கும். மழைத் தண்ணீர் உள்ளே தேங்கும், மூக்கில் குருவி கூடு கட்டும். அரிப்பின்மேல் சாயம் பூசினால் வெளியே மினுக்கும், உள்ளே பொடியாகிவிடும். முறையான வேலைக்குக் கூரை வேண்டும். தகடு தகடாகப் பிரிக்க வேண்டும், அரிப்பைச் சுரண்ட வேண்டும், பழைய வரைபடத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும், இல்லாத பாகத்தைக் கையால் செய்ய வேண்டும். அதற்கு ஆள் வேண்டும். அந்த ஆள் தாம்பரம் வட்டாரத்தில் இல்லையா? விமானப்படையின் மெக்கானிக் பயிற்சி நிலையம் தாம்பரத்தில். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் 1949 முதல் விமானப் பொறியியல் சொல்லித் தருகிறார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மெக்கானிக்குகள் சேலையூரிலும் செம்பாக்கத்திலும் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் கைவேலை அவர்களோடு போய்விடும் முன் ஐ.டி.ஐ. படித்த நமது பிள்ளைகளின் கைக்கு வந்தாக வேண்டும்.

ஆகவே சர்க்காரிடம் நாம் கேட்பது இது. தாம்பரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் நடுவே, மின்சார ரயிலில் வந்து இறங்கும்படியான இடத்தில், செப்பனிடும் பட்டறையோடு கூடிய ஒரு கொட்டகை. வேலை நடப்பதையே ஜனங்கள் நின்று பார்க்கலாம். வேலை செய்கிறவனுக்குச் சட்டப்படியான சம்பளம். காண்டிராக்ட் பேரில் தினக்கூலி கூடாது. உள்ளே நுழையக் காசு கூடாது. பலகை தமிழில் இருக்க வேண்டும்; அதன் முதல் வரியில் அந்த விமானத்தைப் பிரித்துக் கோத்தவர்கள் அத்தனை பேருடைய பெயரும் இருக்க வேண்டும்.