மடிக்கணினியும் வரைகலை வேட்கையும்

2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம், சேர்வராயன் மலையின் சிற்றூர்களுக்கும் கணிப்பொறியைக் கொண்டு சேர்த்தது. ஏற்காட்டின் காப்பித் தோட்டங்களை ஒட்டிய வீடுகள் பலவற்றில் முதன்முதலாக நுழைந்த கணிப்பொறி அதுவே எனலாம். அண்ணன் பயின்ற அந்தக் கருவியைத் தம்பியும் தங்கையும் இன்றும் போற்றி வைத்திருக்கின்றனர்.

மலையிலிருந்து இறங்கி வந்து பயிலும் மாணாக்கர் சிலர், “ஐயா, இதில் கிராஃபிக்ஸ் கார்டை மாற்றினால் அனிமேஷன் கற்கலாமா?” என்று வினவுகின்றனர். தமிழாசிரியனிடம் கேட்கும் வினாவா இது? கேட்கிறார்கள், என்செய்வது! மாற்றித் தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்கும் கடைகளும் உண்டு எனக் கேள்வியுறுகிறேன். அப்பணம் தோட்டக் கூலியில் மிச்சம் பிடித்த பணம். ஆகவே விடையைத் தெளிவாகவே கூறவேண்டும்: இயலாது.

மேசைக் கணிப்பொறியில் வரைகலை அட்டை தனிப் பலகையாக இருக்கும்; பழையதைக் கழற்றிப் புதியதைச் செருகலாம். மடிக்கணினியின் அமைப்பு வேறு. 2011இல் இன்டெல் வெளியிட்ட சாண்டி பிரிட்ஜ் வகை முதலாக, வரைகலைப் பகுதி செயலியோடு ஒரே சில்லில் அடங்கிவிட்டது. தனி வரைகலைச் சில்லு கொண்ட விலைமிகு கருவிகளிலும் அது பெரும்பாலும் தாய்ப்பலகையில் பற்றவைக்கப்பட்டிருக்கும். கழற்றி மாட்டத்தக்க எம்எக்ஸ்எம் முறையை என்விடியா 2004இல் கொணர்ந்தும் அது பரவவில்லை. மின்திறனும் இடந்தராது. ஆர்டிஎக்ஸ் 3060 என்னும் மேசைக் கணிப்பொறி அட்டைக்கு மட்டுமே 170 வாட் வேண்டும். எளிய மடிக்கணினியின் மின்னேற்றியோ 65 வாட் அளவினது. தண்டர்போல்ட் துளைவழி அட்டையை வெளியே பொருத்தும் முறை உண்டெனினும், அத்துளை எளிய கருவிகளில் இராது.

செய்யத்தக்கது ஒன்றுண்டு. உள்ளமைந்த வரைகலைப் பகுதிக்குத் தனி நினைவகம் இல்லை. முதன்மை நினைவகத்திலிருந்தே அது பங்கு கொள்கிறது. எனவே கருவியில் நினைவக அட்டைக்குரிய இடம் காலியாயிருப்பின், உள்ளதற்கு இணையான மற்றொன்றைச் செருகலாம். தரவு இருவழியாகப் பாய்ந்து படம் விரைவுபெறும். செலவும் சிறிதே.

ஆயினும் பழைய கருவிக்கு எல்லை உண்டு. இலவச முப்பரிமாண மென்பொருளாகிய பிளெண்டரின் 2023ஆம் ஆண்டுப் பதிப்பான 4.0, ஓப்பன்ஜிஎல் 4.3ஐக் கோருகிறது, சாண்டி பிரிட்ஜ் அதனை எட்டாது. பிளெண்டரின் பழைய 2.79 பதிப்பு அதில் இயங்கும். அடிப்படை கற்க அது போதும். தொழில் கற்கப் போதாது.

அவ்விடத்தில்தான் கல்லூரியின் கடமை தொடங்குகிறது. மாணாக்கர் ஒவ்வொருவரையும் புதுக்கருவி வாங்கச் சொல்வது அறமாகாது. வரைகலை அட்டை பொருத்திய மேசைக் கணிப்பொறிகள் இரண்டோ மூன்றோ பொது ஆய்வகத்தில் இருந்தால், பலர் முறைவைத்துப் பயிலலாம். அட்டை பழையதானால் அதனை மட்டும் மாற்றலாம். ஜிடிஎக்ஸ் 1650 போன்ற 75 வாட் அட்டைகூடத் தொடக்கத்திற்குப் போதுமானது. ஆண்டுதோறும் கல்விக்கு வாரி வழங்கும் நம் சமுதாயப் பெரியோர், பரிசுக் கேடயங்களுக்கு ஆகும் செலவில் ஒரு பகுதியை இதற்கு ஒதுக்கலாகாதா? கேடயங்கள் அலமாரியில் உறங்குகின்றன. அவற்றைத் துடைப்பவரும் இலர்.

ஆய்வகம் அமைந்தபின் அதனை மாலை ஐந்து மணிக்குமேல் திறந்து வைப்பதால் மலை மாணாக்கருக்குப் பயனில்லை. இருபது கொண்டையூசி வளைவுகள் ஏறவேண்டிய பேருந்தை அவர்கள் பிடித்தாக வேண்டும். நண்பகல் இடைவேளையிலும் காலையில் வகுப்புக்கு முன்னரும் திறந்து வைக்க ஆவன செய்தல் வேண்டும்.